பந்தும் பட்டமும் – 9: வரலாறு படிக்க விரும்பிய குவார்ட்டர்பேக்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒஹையோ ஸ்டேட்டும் 1897 முதல் மோதி வருகின்றன. ஒரே பள்ளி வீரனை இரண்டும் உதவித்தொகையோடு அழைத்துவிட்டால், அவன் வாய் திறக்கும் வரை இரு தரப்பு ரசிகர்களுக்கும் தூக்கமில்லை. உதவித்தொகை எப்படிக் கொடுக்கப்படுகிறது, பயிற்சியாளர்கள் வீடு தேடி வந்து என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் முன்பே பார்த்தவை. வெற்றி தோல்விக் கணக்கில் வாதம் முட்டிக்கொண்டு நின்றதும் மிச்சிகன் ரசிகர் படிப்பைக் கையில் எடுப்பார். அங்கிருந்துதான் இந்த வாரம்.

அவர் முதலில் நீட்டுவது யு.எஸ். நியூஸ் தரவரிசை. கடந்த பத்தாண்டுகளில் மிச்சிகன் முதல் 30 இடங்களுக்குள் நின்றிருக்கிறது. ஒஹையோ ஸ்டேட் 40-களிலும் 50-களிலும் இருந்திருக்கிறது. இடைவெளி உண்மைதான். ஆனால் அது பல்கலைக்கழகம் முழுமைக்குமான கணக்கு. கால்பந்து வீரன் எந்த வகுப்பில் உட்காருவான் என்பதை அது சொல்லாது.

ஒஹையோ ரசிகர் பதிலுக்கு எடுப்பது பட்டம் முடிப்போர் விகிதம். இதில் இரண்டு கணக்குகள் உண்டு. அரசின் கணக்கு, சேர்ந்த இடத்திலேயே 6 ஆண்டுகளுக்குள் பட்டம் வாங்கியவர்களை மட்டும் எண்ணும். வேறு கல்லூரிக்கு மாறியவர் தோற்றவராகிவிடுவார். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ-வின் கணக்கோ, நல்ல மதிப்பெண்ணோடு வெளியேறியவரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும். அதனால் ஒரே அணிக்கு இரண்டாவது விகிதம் பெரும்பாலும் கூடுதலாக வரும். தன் அணிக்கு ஒன்றும் எதிரணிக்கு மற்றொன்றுமாக எடுத்துப் பேசும் ரசிகர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். சரியான எண்ணை ஒப்பிட்டாலும் பட்டம் கிடைத்ததா என்பதுதான் தெரியும். எந்தப் பட்டம் என்பது தெரியாது.

அந்தக் கேள்வியை 2007-ல் ஒருவர் பொதுவெளியில் போட்டு உடைத்தார். அவர் ஜிம் ஹார்பா. 1980-களில் மிச்சிகனின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்தும் முதன்மை வீரர். போ ஷெம்பெக்லர் என்ற பெரும் பயிற்சியாளரின் மாணவர். 2007-ல் ஸ்டான்ஃபோர்ட் அணியின் புதிய பயிற்சியாளர். தன் சொந்தக் கல்லூரியைப் பற்றி அவர் பத்திரிகையிடம் சொன்னதன் சாரம் இது: மிச்சிகன் நல்ல பல்கலைக்கழகம்தான், ஆனால் தகுதி விளிம்பில் இருக்கும் வீரர்களை உள்ளே கொண்டுவந்து எளிய பாடங்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள், ஆடும்போது கொண்டாடியவர்கள், ஆடி முடித்த பிறகு வேலை கொடுப்பதில்லை. தனக்கு வரலாறு படிக்க ஆசை இருந்ததாகவும், அதற்கு வாசிப்பு அதிகம், நேரம் போதாது என்று திருப்பிவிடப்பட்டதாகவும் அவர் சொன்னார்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரம் கொதித்தது. அன்றைய பயிற்சியாளர் லாயிட் கார் அதைத் தலைக்கனம் மிகுந்த, சுயநலப் பேச்சு என்றார். அணியின் நட்சத்திர ஓட்டக்காரர் மைக் ஹார்ட், ஹார்பா மிச்சிகன்காரரே இல்லை என்றார். அந்தக் கல்லூரியில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது. மறு ஆண்டு அந்த ஊர்ப் பத்திரிகை ஒரு விசாரணைத் தொடர் வெளியிட்டது. ஒரே பேராசிரியரிடம் சுமார் 3 ஆண்டுகளில் நடந்த 294 தனிப்பயிற்சிப் பாடங்களில் 251 விளையாட்டு வீரர்கள் எடுத்தவை என்றது அது. பல்கலைக்கழகம் தவறு எதுவும் இல்லை என்று மறுத்தது. இத்தனைக்குப் பிறகு, 2014 டிசம்பரில் மிச்சிகன் தன் அணியைத் திருத்த அழைத்துவந்தது அதே ஹார்பாவைத்தான். 2024 ஜனவரியில் வாஷிங்டனை 34-13 என்று வீழ்த்தி தேசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். படிப்பைப் பற்றி மிச்சிகன் மீது விழுந்த கடும் விமர்சனம் ஒஹையோ பக்கமிருந்து வரவில்லை, வீட்டுப் பிள்ளையிடமிருந்தே வந்தது. ரசிகர் விவாதங்களில் இது இன்னும் அடிக்கடி பேசப்பட வேண்டியது.

வரலாறு படிக்க நேரம் இல்லாமல் போவது எப்படி என்பதற்கு விதிகளே விடை. 1991 முதல் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று வரம்பு இருக்கிறது. ஆனால் ஆட்ட நாள் முழுவதும் 3 மணி நேரமாகவே கணக்கில் ஏறும். பயண நேரம் சேராது. உண்மையில் ஆட்டத்துக்காகச் செலவாவது 40 மணி நேரத்தைத் தாண்டுகிறது என்று என்சிஏஏ-வின் சொந்தக் கருத்தாய்வுகளே காட்டின. அடுத்தது 40-60-80 விதி. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருந்தால்தான் களமிறங்கலாம். இது வருவதற்கு முன் 25, 50, 75 என்று இருந்தது. படிப்பைக் காக்க இறுக்கிய விதி இது. ஆனால் இரண்டாம் ஆண்டில் பொறியியலுக்கு மாற நினைக்கும் வீரனுக்கு, படித்த பாதிப் பாடங்கள் புதிய பட்டத்தில் சேராமல் போய், 40 சதவீதம் கைநழுவும். ஆய்வக வகுப்பு பயிற்சி நேரத்தில் வந்தாலும் அதே கதி. பாதுகாப்பான வழி, எளிய பாடத்தில் இருந்துவிடுவதுதான்.

ஒஹையோ பக்கத்துக் கதை கார்டேல் ஜோன்ஸ். கால்பந்து ஆட வந்தவர்களுக்கு வகுப்பு எதற்கு என்று 2012-ல் ட்விட்டரில் எழுதினார். மிச்சிகன் ரசிகர்களுக்கு அது பல ஆண்டுகளுக்குப் போதுமான தீனி. மூன்றாம் நிலைக் குவார்ட்டர்பேக்காக இருந்தவர், 2015 ஜனவரியில் ஒரேகானை 42-20 என்று வென்று கோப்பை வாங்கித் தந்தார். உடனே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். போகாமல் கல்லூரியில் தங்கினார். பிறகு தொழில்முறை அணியில் சேர்ந்தும் படிப்பை விடாமல் 2017-ல் பட்டம் பெற்று, தன் பழைய பதிவைத் தானே நினைவுபடுத்திப் படம் வெளியிட்டார். அந்தப் பதிவை எடுத்துக்காட்டும் எவரும் இந்தப் பட்டத்தையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

தரவரிசையை விட்டுவிட்டு, இரு அணிகளிலும் நான்காம் ஆண்டு வீரர்கள் எந்தெந்தப் பாடம் படிக்கிறார்கள் என்ற பட்டியலை, அழைப்பு வந்த வீரனின் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும். பாதிப் பேர் ஒரே துறையில் குவிந்திருந்தால், அந்த அணியில் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது வீரன் அல்ல, பயிற்சி அட்டவணை. 2021-க்குப் பின் வீரர்களின் பெயருக்கும் முகத்துக்கும் கிடைக்கும் பணம் இந்த முடிவுகளை எப்படிப் புரட்டிப்போட்டது என்பது இந்த வாரத்துக்கென்று சொல்லியிருந்தது. அது அடுத்த வாரம்.