திருத்துறதுக்கு முதல் ஒருக்கா கேளுங்கோ



இந்த முறை எபிசோடில சாட்டலைட் இணையம் பற்றிக் கதைச்சம். அந்தக் கதை வந்தாலே ஆராவது ஒரு ஆள் இப்படிக் கேட்பினம்: "மேல ஈர்ப்பு இல்லைத்தானே. பிறகு ஏன் சாட்டலைட் பூமியைச் சுத்துது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதல் பாதி பிழை, இரண்டாம் பாதி அருமை. ஈர்ப்பு இல்லையென்றால் சாட்டலைட் நேர்கோட்டில போய்த் தொலைஞ்சிருக்க வேணும். கேட்ட ஆளே தன்னுடைய விளக்கத்தில இருக்கிற ஓட்டையைக் கண்டுபிடிச்சிட்டார், அது அவருக்கு இன்னும் தெரியாது.

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயன்ஸ், சோறு போடுறது கொன்ட்ராக்ட் வேலை. பிசிக்ஸ் சும்மா ஆசைக்கு. ஆனால் குடும்பத்துக்குள்ள "அவனிட்டக் கேளுங்கோ" என்று ஒரு பெயர் விழுந்திட்டுது. பிறந்தநாள் பார்ட்டியில, கோயில் வாசலில, வேலையிடத்துக் கிச்சினில என்று பல வருசமா இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வாறன். அதில எனக்கு விளங்கின ஒரு விசயத்தைத்தான் இண்டைக்கு எழுதுறன். பிழையான விளக்கம் வைத்திருக்கிற ஆளின்ட தலை காலியா இல்லை. அங்க ஏற்கெனவே ஒரு கோட் ஓடிக்கொண்டிருக்கு. அதை வாசிக்காமல் மேல புதுசை இன்ஸ்டால் பண்ணினால், பழசும் புதுசும் பக்கத்தில பக்கத்தில ஓடும்.

90 வீதம் என்று சொன்னால் போதாது

சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில சுத்துது. பூமியின் ஆரையே 6,370 கிலோமீட்டர் அளவு. அதோட பார்த்தால் 400 பெரிய தூரம் இல்லை. அங்க ஈர்ப்பு தரையில இருக்கிறதில கிட்டத்தட்ட 90 வீதம்.

இதைச் சொன்ன உடனே எதிரில இருக்கிற ஆள் நம்பமாட்டார். நம்பவும் கூடாது! "அப்ப ஏன் ஆக்கள் மிதக்கினம்?" என்ற கேள்விக்கு அவரின்ட பழைய கோட் பதில் சொல்லுது, என்னுடைய 90 வீதம் பதில் சொல்லேல்ல. அதனால பழசுதான் வெல்லும்.

முதல் வேலை, மிதக்கிறதை வேற விதமா விளங்கப்படுத்துறது. நிலையம் கீழ விழுந்துகொண்டேதான் இருக்கு. ஆனால் செக்கனுக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில பக்கவாட்டிலயும் ஓடுது. அது விழ விழ, உருண்டையான பூமியின் தரையும் அதுக்குக் கீழ வளைஞ்சு விலகுது. உள்ளுக்கு இருக்கிற ஆக்களும் அதே அளவில விழுகினம். எல்லாம் சேர்ந்து விழுந்தால் ஒன்று மற்றதை அழுத்தாது. அந்த அழுத்தம் இல்லாததைத்தான் நாங்கள் மிதப்பு என்கிறம்.

நம்பிக்கை வரேல்லையென்றால் உங்கட போனிட்டயே கேட்கலாம். ஜெர்மனியில ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில செய்த ஃபைஃபொக்ஸ் என்ற இலவச ஆப் இருக்கு. அதில ஈர்ப்பையும் சேர்த்து முடுக்கத்தைக் காட்டுற பகுதியைத் திறவுங்கோ. போன் மேசையில சும்மா கிடக்கேக்க 9.8 காட்டும். பிறகு, தயவுசெய்து கட்டிலுக்கு மேல மட்டும், ஒரு மீட்டர் உயரத்தில இருந்து விடுங்கோ. விழுகிற அரை செக்கனுக்குக் கொஞ்சம் குறைவான நேரத்தில கோடு பூச்சியத்துக்குக் கிட்டப் போகும். உங்கட அறையில ஈர்ப்பு ஒரு இடமும் போகேல்ல. போன் விழுந்தது, அவ்வளவுதான். விண்வெளி வீரர்களுக்கு நடக்கிறதும் அதேதான், அவைக்குத் தரை வந்து முட்டாது.

ஹாவர்டில வந்த கேள்வி

பெரிய பல்கலைக்கழகங்களிலயும் இதே கதைதான். 1992 இல டேவிட் ஹெஸ்டனிசும் இன்னும் இரண்டு பேரும் விசை பற்றிய ஒரு சின்னப் பரீட்சையை வெளியிட்டார்கள். கணக்கு ஒன்றும் இல்லை, சாதாரணச் சொல்லில கேள்விகள். பிழையான விடைகள் எல்லாம் ஆக்கள் உண்மையிலேயே நம்புறவை. ஹாவர்டில பிசிக்ஸ் படிப்பிக்கிற எரிக் மசூர் அதின்ட முந்தைய வடிவத்தைத் தன்னுடைய மாணவர்களுக்குக் கொடுத்தார். ஒரு மாணவர் கேட்டது பிறகு பிரபலமாகிப் போச்சு: நீங்கள் படிப்பிச்ச மாதிரி எழுதவா, இல்லை நான் உண்மையில யோசிக்கிற மாதிரி எழுதவா?

அந்த ஒரு கேள்வியில எல்லாம் இருக்கு. இரண்டு கோடும் பக்கத்தில பக்கத்தில ஓடுது, பரீட்சைக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று. மசூர் அதுக்குப் பிறகு வகுப்பையே மாத்தினார். கேள்வியைப் போட்டு, மாணவர்களை ஒருவருக்கொருவர் வாதாட விட்டார்.

வெரிடாசியம் வீடியோக்கள் பார்க்கிற உங்களுக்கு டெரெக் முல்லரைத் தெரியும். அவர் சிட்னிப் பல்கலைக்கழகத்தில செய்த முனைவர் பட்ட ஆய்வும் இதுதான். சரியான விளக்கத்தை மட்டும் தெளிவாகச் சொன்ன வீடியோவை மாணவர்கள் "நல்லா விளங்கிச்சு" என்றார்கள், ஆனால் பரீட்சையில பெரிய மாற்றம் இல்லை. பிழையான எண்ணத்தை முதல்ல வெளியில எடுத்து, ஏன் அது சரிவராது என்று காட்டின வீடியோ குழப்பமா இருந்துது என்றார்கள். ஆனால் கூடப் படிச்சது அதிலதான்.

மாமியும் மெசினும்

இது புள்ளிக்கணக்கோட நிக்கிற விசயம் இல்லை. 2020 ஏப்ரலில பிரித்தானியாவில 5ஜி கோபுரங்களுக்கு நெருப்பு வைத்ததை மறந்திருக்கமாட்டீங்கள். 'றேடியேசன்' என்ற ஒரே சொல்லுக்குள்ள எல்லாத்தையும் போட்டுக் கலக்கினால் அதுவும் நடக்கும்.

எங்கட மாமி ஒருவர், பெயர் வேண்டாம், எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்குப் போகமாட்டன் என்று நின்றா. "தம்பி, உதுக்குள்ள படுத்தால் றேடியேசன் அடிக்குமாம்." பக்கத்தில இருந்த மச்சான் சிரிச்சான். மாமியின்ட முகம் இறுகிப் போச்சு.

"உள்ளுக்கு என்ன நடக்குமெண்டு நீங்கள் நினைக்கிறியள் மாமி?" என்று கேட்டன்.

"எக்ஸ்ரே எடுக்கேக்க அந்தப் பிள்ளை ஓடிப்போய் மறைவில நிக்கிறாள். சும்மாவே நிப்பாள்? இது அதைவிடப் பெரிய மெசின், சத்தமும் கூட."

என்ன பிழை இதில? பார்த்த சாட்சியில இருந்து ஒழுங்காகக் கட்டின முடிவு. எக்ஸ்ரே பற்றி அவ சொன்னது முழுக்கச் சரி, அதை முதல்ல சொன்னன். பிறகு மாங்காய்க் கதை. கல்லெறிஞ்சால் மாங்காய் விழும். பஞ்சு உருண்டை ஆயிரம் எறிஞ்சாலும் விழாது. எக்ஸ்ரேயின் ஒவ்வொரு துணிக்கையும் கல்லு, அணுவில இருந்து எலெக்ட்ரானைத் தட்டி விழுத்தும். எம்.ஆர்.ஐ பாவிக்கிறது காந்தமும் ரேடியோ அலையும். ரேடியோ அலை பஞ்சு. எத்தனை வருகுது என்பதைவிட ஒவ்வொன்றும் எவ்வளவு பலம் என்பதுதான் கணக்கு. ஐன்ஸ்டீன் 1905 இல ஒளியைப் பற்றி விளங்கப்படுத்தினதும் இதைத்தான்.

"அப்ப பஞ்சு ஒண்டும் செய்யாதோ?" என்றா மாமி. நல்ல கேள்வி. நிறையப் பஞ்சு சேர்ந்தால் சூடாக்கும், மைக்ரோவேவ் அடுப்பு அப்படித்தான் வேலை செய்யுது. எம்.ஆர்.ஐயிலயும் உடம்பு கொஞ்சம் சூடாகலாம், அதுக்கு எல்லை வைத்துத்தான் மெசினை ஓட்டுவினம். உண்மையில கவனிக்க வேண்டியது காந்தம். வழமையான மெசினில அது 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப் புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. உடம்புக்குள்ள இரும்போ, பேஸ்மேக்கரோ இருந்தால் முதலே சொல்லவேணும்.

மாமி கொஞ்ச நேரம் பேசேல்ல. பிறகு, "என்ட காலுக்குள்ள பிளேட் ஒண்டு இருக்கல்லோ" என்றா.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குத் தானே போன் எடுத்துச் சொன்னா. எப்ப, எங்க வைத்த பிளேட் என்று விசாரிச்சு, பிரச்சினை இல்லை என்றார்கள். மாமி போய் ஸ்கேன் எடுத்தா. அங்க எப்படியும் படிவத்தில கேட்டிருப்பினம், அது வேற கதை. ஆனால் "பயப்பிடாதேங்கோ, ஒண்டும் இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால், மாமி போயிருக்கவே மாட்டா. இப்ப அவவின்ட பயம் சரியான மெசினுக்குச் சரியான கேள்வியா மாறிப் போச்சு.

வேலையில பக் ரிப்போர்ட் வந்தால் நாங்கள் முதல்ல செய்யிறது என்ன? அதே பிழையை எங்கட கணினியில வரப்பண்ணிப் பார்க்கிறது. பிழை எங்க வருகுது என்று தெரியாமல் ஒருவரும் கோடைத் தொடமாட்டினம். ஆக்களிட்டயும் அப்படித்தான். "நீங்கள் எப்படி யோசிக்கிறியள்?" என்று கேளுங்கோ. எந்த இடம் வரைக்கும் அது சரியோ, அதை ஒத்துக்கொள்ளுங்கோ. அது உடையிற இடத்தை அவையே காணட்டும். அப்பா, அம்மாவோட தமிழில இதைச் செய்யேக்க ஒரு லாபமும் இருக்கு: ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால ஒளிய ஏலாது. எனக்கு விளங்கினால்தான் சொல்லலாம்.

போனைக் கட்டிலில போட்டுப் பார்த்திட்டு, கோடு எப்படி வந்தது என்று சொல்லுங்கோ. அடுத்த எபிசோடில சந்திப்பம்.