விடிந்தால் முகூர்த்தம்... மடியில் சிக்கிய ஸ்டியரிங்!

சென்னை அயனாவரத்தில் ஒரு குறுகலான தெரு. இரவு மணி 10. பாதித் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை நிற வெளிநாட்டு சொகுசு கார். பானட் மேல் இன்னும் வாடாத ரோஜா மாலை. உள்ளே டிரைவர் சீட்டில், இறங்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார் காரின் சொந்தக்காரர்.

காரணம் ஸ்டியரிங்! அது தொடை மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. பட்டனை அமுக்கினால் 'கிர்... கிர்...' என்று சத்தம் மட்டும் வருகிறது. மேலே ஏற மாட்டேன் என்கிறது.

விடியற்காலை 5 மணிக்கு அதே கார் பெரம்பூரில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அங்கிருந்து வடபழனி முருகன் கோயில். 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் முகூர்த்தம். அட்வான்ஸ் பணம் வாங்கியாகிவிட்டது. அந்தப் பணம் அன்று காலையே கார் தவணைக்குப் போய்விட்டது!

கையிலே பணமும் இல்லை, கழுத்திலே ஸ்டியரிங்கும் இருக்கிறது என்கிற நிலைமை.

அவருக்கு வயது 50ஐத் தாண்டிவிட்டது. பல வருஷம் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை. வேலையை விட்டதும் கிடைத்த பணத்தைப் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில் இந்தக் காரை வாங்கினார். மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன் என்று கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். பத்து வருஷத்துக்கு முந்தைய மாடல்தான். ஆனால் பூ அலங்காரம் செய்து நிறுத்தினால் எந்த மாமனாருக்கும் வயது தெரியாது!

அம்பாசிடரில் இந்தத் தொல்லை இல்லை

அம்பாசிடர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஸ்டியரிங் இருந்த இடத்தில் இருக்கும். குட்டையானவர் தலையணை போட்டு உட்காருவார். நெட்டையானவர் சீட்டைப் பின்னால் தள்ளுவார். அந்த அம்பாசிடர் உற்பத்தியே 2014இல் நின்றுபோனது.

ஸ்டியரிங்கை ஆளுக்குத் தகுந்தபடி நகர்த்தும் யோசனை புதிதல்ல. 1961இல் அமெரிக்காவில் போர்டு கம்பெனியின் தண்டர்பேர்டு காரில், வண்டியை நிறுத்தியதும் ஸ்டியரிங்கைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டு இறங்கலாம். 1963இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் மேலும் கீழும் சாயும் ஸ்டியரிங் வந்தது. அப்போது கையால் நகர்த்தினார்கள். பிறகு சொகுசு கார்களில் அந்த வேலைக்கு மோட்டார் வைத்தார்கள். சாவியை எடுத்தால் ஸ்டியரிங் தானாக மேலே எழும்பி, டிரைவருக்கு வழி விடும். கார் ராஜ மரியாதை செய்கிற மாதிரி இருக்கும். கெட்டுப்போனால் அதே மரியாதை மடி மேல் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு மாதமாகக் கொடுத்த எச்சரிக்கை

கோளாறு திடீரென்று வரவில்லை. ஒரு மாதமாகவே ஸ்டியரிங் மேலே ஏறும்போது முனகியது. நின்று நின்று ஏறியது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். "தனிப் பார்ட்டா கிடைக்காது சார், முழு செட்டையே மாத்தணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, அந்தக் காரின் நாலு மாத வருமானம்! 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வந்துவிட்டார். அங்கேதான் தப்பு செய்தார்.

அன்று மாலை புரசைவாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. இவருக்குப் பதில் வண்டி ஓட்டிய டிரைவர் ஆள் குட்டை. தன் வசதிக்கு ஸ்டியரிங்கைக் கடைசி வரை கீழே இறக்கினார். இறங்கியது இறங்கியதுதான்.

இரவு இவர் போய் காரை எடுத்தார். புரசைவாக்கத்திலிருந்து அயனாவரம் கொஞ்ச தூரம்தானே என்று தொடையை இடுக்கிக்கொண்டே ஓட்டி வந்தார். வழியில் ஒரு சிக்னல். முன்னால் ஒரு பைக். பின் சீட்டில் ஒரு பெண், கையில் குழந்தை. இவர் பிரேக்குக்குக் காலைத் தூக்கினார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்து நின்றது!

கார் நின்றபோது பைக்குக்கும் பம்பருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மனைவி கேட்ட கேள்வி: "இந்த வண்டியிலயா நாளைக்கு அடுத்த வீட்டுப் புள்ளையை உட்கார வெச்சு ஓட்டப் போறே? பணத்தைத் திருப்பிக் குடுத்துடு."

திருப்பிக் கொடுக்கத்தான் பணம் இல்லையே! அதோடு, முகூர்த்த நாளில் கடைசி நேரத்தில் வேறு கார் கிடைக்குமா?

வந்தார் மோட்டார் தம்பி

அதே தெருவில் மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒரு இளைஞர் இருக்கிறார். கார் மெக்கானிக் அல்ல. ஆனால் மோட்டார் என்றால் அத்துப்படி. கடையைப் பூட்டிவிட்டு வந்தவரை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

அவர் முதலில் செய்தது, பட்டன் மேல் இருந்த கையைத் தட்டிவிட்டதுதான்.

"திரும்பத் திரும்ப அமுக்காதீங்கண்ணே. மோட்டார் திணறுது. காயில் எரிஞ்சிடும். உள்ளே பிளாஸ்டிக் பல் சக்கரம் இருந்தா பல்லும் போயிடும்."

பிறகு ஒரே ஒரு தடவை அமுக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். இதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பியூஸ், சுவிட்ச், ஒயர், மோட்டார் என்று தேட வேண்டும். மோட்டார் சுகமாகச் சுற்றும் சத்தம் கேட்டு, ஸ்டியரிங் மட்டும் அசையவில்லை என்றால் உள்ளே கேபிளோ பல்லோ போய்விட்டது. மோட்டார் முக்கி முனகினால், அதற்கு உயிர் இருக்கிறது. எதிரே ஏதோ தடுக்கிறது. கீழே இறங்கும்போது ஸ்டியரிங்கின் கனமே உதவி செய்யும். மேலே ஏறும்போது அந்தக் கனத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதனால்தான் இறங்குகிற ஸ்டியரிங் ஏறுவதில்லை.

"மோட்டாருக்கு உயிர் இருக்குண்ணே" என்றார் தம்பி. சொந்தக்காரருக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மஞ்சள் ஒயர்... ஜாக்கிரதை!

ஆனால் தம்பி உடனே ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கவில்லை. ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. மோதலின்போது கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிகிற பை அது. இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயம். அதற்கு முன்பே சொகுசு கார்களில் உண்டு. தவறுதலாக வெடித்தால், எதிரே குனிந்திருப்பவர் முகம் என்ன ஆகும்?

சக்கரங்களை நேராக வைத்தார்கள். சாவியை எடுத்து வீட்டுக்குள் கொடுத்தார்கள். இந்தக் காரில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. கரண்ட் போனால் டிக்கி பூட்டு திறக்காது என்பதால், டிக்கி மூடிக்கொள்ளாமல் நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார்கள். கழற்றிய உடனே வேலை தொடங்கக்கூடாது. ஏர்பேக் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். காரோடு வரும் புத்தகத்தில் இருக்கும். இவர்கள் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். சொந்தக்காரர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மஞ்சள் நிற ஒயர், மஞ்சள் நிறப் பிளக் எதுவும் தொடப்படவில்லை. மீட்டர் வைத்தும் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது. மீட்டரிலிருந்து போகிற துளி கரண்ட்கூட வினையாகலாம்.

முழங்கால் பக்கத்துப் பலகையில் நாலைந்து திருகு. அதையும் தண்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரையும் மெல்லக் கழற்றினார்கள். கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தார் மனைவி. செல்போன் டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தால், மோட்டார், அதிலிருந்து ஒரு கேபிள், அதன் முடிவில் மரை போட்ட ஒரு நீண்ட தண்டு. அந்த மரையில் ஒரு நட்டு முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த நட்டுதான் ஸ்டியரிங்கைத் தூக்கி இறக்குவது.

மரை முழுக்கக் கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஆகியிருந்தது. அதில் தூசி. பூ நார். விபூதி. நட்டுக்கு ஒட்டினாற்போல்...

மஞ்சள் நிறத்தில் மூன்று அரிசி!

சிக்கியது 'குற்றவாளி'

அட்சதை! ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஸ்டியரிங்குக்குத்தான் முதல் சந்தனம், பூ, அட்சதை. கல்யாணக் கூட்டமும் ஜன்னல் வழியே தூவுகிறது. கவரின் இடுக்கு வழியாக உள்ளே போனது காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டது. நட்டு ஏற வந்தபோதெல்லாம் அரிசி ஆப்பு மாதிரி மரையில் இறுகியது. வண்டிக்கு நல்லது நடக்க வேண்டும் என்று போட்ட அரிசிதான் வண்டியை மடக்கியிருக்கிறது.

இதற்குள் வாசலில் கூட்டம். ஒருவர் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார். இன்னொருவர் துரு எடுக்கிற ஸ்பிரேயை நீட்டினார். "ரெண்டு தட்டு தட்டுப்பா" என்றார் மூன்றாமவர். மூன்றும் தப்பு. எண்ணெய் தூசியை இழுக்கும். ஸ்பிரே இருக்கிற கொஞ்ச நஞ்ச கிரீஸையும் கழுவிவிட்டு, பிறகு காய்ந்துபோகும். தட்டினால்? ஸ்டியரிங் தண்டு வெறும் இரும்புக் குழாய் அல்ல. கார் மோதினால் டிரைவர் நெஞ்சில் குத்தாமல் உள்ளே மடங்கும்படி செய்தது. அமெரிக்காவில் 1968 முதல் சட்டமே போட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு அது. தட்டித் தட்டி அதைக் கெடுத்தால் விபத்து நாளில்தான் தெரியும்.

தண்டைப் பிடித்திருக்கிற பெரிய போல்ட்டுகளையும், காலடியில் இருக்கும் இணைப்பு போல்ட்டையும் தம்பி தொடவே இல்லை. "அது எனக்குத் தெரியாத வேலை. அதைக் கழட்டணும்னா ஆளை விடுங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மெக்கானிக் கிடைப்பது அபூர்வம்.

துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் அரிசியை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். மூன்றாவது அரிசி வர மட்டும் முக்கால் மணி நேரம். பழைய பல் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்தார். உலர்ந்த துணியால் துடைத்தார். மோட்டாரைக் கழற்றி, கேபிள் முனையை விரலால் முறுக்கினார். முதலில் இறுக்கம். அப்புறம் கொஞ்சம். அப்புறம், நட்டு நகர்ந்தது!

இனி கிரீஸ். காயில் கடையில் இருந்த பேரிங் கிரீஸ் வேண்டாம் என்றார். பிளாஸ்டிக் பல்லுக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்ற சந்தேகம். பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக்கை எழுப்பி, பிளாஸ்டிக் சக்கரங்களுக்குப் போடும் வெள்ளை லித்தியம் கிரீஸ் வாங்கி வந்தார்கள். அப்பியடிக்கவில்லை. மரையில் மெல்லிய பூச்சு, அவ்வளவுதான்.

எல்லாம் மாட்டி, பேட்டரி ஒயரைக் கொடுத்தபோது மணி 3. பட்டனை அமுக்கியபோது ஸ்டியரிங் எதிரே யாரும் குனியவில்லை. 'ஸ்ஸ்...' என்று ஏறியது. பத்து தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஸ்டியரிங்கை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்பினார்கள். எங்கும் இடிக்கவில்லை, ஆட்டம் இல்லை. ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது. ஹாரன் அடித்ததில் எதிர் வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. தெருவை இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றி வந்தார்கள்.

சீட்டில் உட்கார்ந்து சரிபார்த்ததில் நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. குறைந்தது 25 சென்டிமீட்டர் வேண்டும். ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. முழங்கால் தாராளமாக எழும்பியது.

புதுப்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு...

எல்லாருக்கும் இப்படி அரிசியோடு முடியும் என்று சொல்ல முடியாது. பல் உடைந்திருந்தால் பார்ட் மாற்றத்தான் வேண்டும். புதுப்பேட்டையில் பழைய ஸ்டியரிங் தண்டு முழுசாகவே கிடைக்கும் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து எடுத்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை மடங்கிய தண்டு மறுபடி காப்பாற்றாது. பல கார்களில் தண்டோடு எலெக்ட்ரானிக் பூட்டும் வரும். அது உங்கள் சாவிக்குக் கீழ்ப்படியாது. பில் கேட்டு வாங்குங்கள். திருட்டு வண்டி பார்ட்டாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறப்போவது நீங்கள்தான்.

அயனாவரம் கார் காலை 4.40க்குக் கிளம்பியது. பெரம்பூரில் மாப்பிள்ளை ஏறினார். தம்பி கூலி வாங்க மறுத்ததால், வடபழனியிலிருந்து அவருக்குக் கல்யாணச் சாப்பாடு பார்சல் வந்தது.

சாவி எடுத்ததும் தானாக ஏறி இறங்குகிற வசதியை இப்போது அவர் நிறுத்தி வைத்திருக்கிறார். ஸ்டியரிங் தண்டு மேல் ஒரு துண்டு போர்த்தியிருக்கிறது. கல்யாண வீட்டில் வண்டி கிளம்பும்போது நாலு ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, வெளியே நிற்கிற பாட்டிகளைப் பார்த்துக் கும்பிடு போடுகிறார்:

"இப்போ தூவுங்கம்மா!"