64 கிராமுக்குள் ஒரு செயற்கைக்கோள்

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து ராமேஸ்வரத்திலிருந்து 2021 பிப்ரவரி 7 அன்று, மாணவர்கள் செய்த 100 குட்டிச் செயற்கைக்கோள்கள் ஹீலியம் பலூனில் அனுப்பப்பட்டன. (பலூனில் போவது பூமியைச் சுற்றாது, மேலே போய் இறங்கிவிடும். பெயர்தான் செயற்கைக்கோள்!) 100 கிராமுக்கும் குறைவான இந்த வகைக்கு ஃபெம்டோ என்று பெயர். இவ்வளவு எடைக்குள் எதை வைப்பது, எதை விடுவது? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பள்ளபட்டி ரிஃபாத் ஷாரூக் குழுவினரின் கலாம்சாட்டை எடுத்துக்கொள்வோம். 'க்யூப்ஸ் இன் ஸ்பேஸ்' என்ற மாணவர் போட்டியில் தேர்வாகி, 2017 ஜூன் 22 அன்று நாசா ராக்கெட்டில் சென்றது. 4 செ.மீ. கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், 64 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த அளவு டப்பாவில் தண்ணீர் நிரப்பினாலே 64 கிராம் வந்துவிடும்.

எக்ஸெலைத் திறங்கள். ஒரு செல்லில் =4^3-3.6^3 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 17.344 என்று வரும். 2 மி.மீ. கனமுள்ள பெட்டிச் சுவருக்கு இத்தனை கன செ.மீ. பொருள் தேவை. அலுமினியம் என்றால் 2.7 ஆல் பெருக்குங்கள்: சுமார் 47 கிராம். மிச்சம் 17 கிராம்தான். சுவர்க் கடிகாரத்தில் போடும் பென் டார்ச் செல் ஒன்றே சுமார் 23 கிராம், 5 செ.மீ. நீளம் என்பதால் உள்ளே நுழையவும் செய்யாது.

3டி பிரிண்டரில் பயன்படும் பிளாஸ்டிக் என்றால் 1.24 ஆல் பெருக்க வேண்டும். 21.5 கிராம். பரவாயில்லை. கலாம்சாட்டின் கூடும் 3டி பிரிண்டரில், கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக்கில் செய்ததுதான்.

இப்போது 3.6 இருக்கும் இடத்தில் 3.8 போடுங்கள். சுவர் 1 மி.மீ. ஆகி, இன்னும் 10 கிராம் மிச்சமாகும். அதில் மொபைலில் இருப்பது போன்ற தட்டையான பேட்டரி ஒன்றைக் கூடுதலாக வைக்கலாம். மேலே உறைநிலைக்குக் கீழே 50 டிகிரிக்கும் அதிகமான குளிர். பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆனால் மெல்லிய சுவர் தரையில் மோதும்போது தாங்குமா? நான் 2 மி.மீ. பக்கம்தான்.

அளந்த விவரத்தை மெமரி கார்டில் பதிவதா, ரேடியோவில் அனுப்புவதா என்பது அடுத்த கேள்வி. கார்டு ஒரு கிராம்கூட வராது. ரேடியோ பேட்டரியைக் குடித்துவிடும். கார்டே போதும் என்பேன். ஆனால் ராமேஸ்வரத்தைச் சுற்றிலும் கடல். அதில் விழுந்தால் கார்டும் போச்சு, அளந்ததும் போச்சு. 2021-ல் நூறையும் ஒரே பெட்டியில் வைத்து, பாராசூட்டையும் ஜிபிஎஸ்ஸையும் அந்தப் பெட்டிக்குப் பொதுவாகப் பொருத்தினார்கள். அந்த எடையை ஒவ்வொரு கனசதுரமும் தனித்தனியே சுமக்க வேண்டியிருக்கவில்லை.