எரிச்சல் தீரவில்லை, பிரஷர் ஏறியதுதான் மிச்சம்

பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ஹெட்போன் மாட்டாமல் ரீல்ஸ் பார்க்கிறார். ஒரே பாட்டின் அதே இரண்டு வரி, திரும்பத் திரும்ப. சிக்னலில் இன்னும் பச்சை விழவில்லை, அதற்குள் பின்னாலிருந்து ஹாரன். வீட்டு கேட்டுக்கு நேராக யாரோ பைக்கை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். மேல்வீட்டுத் தொட்டி நிரம்பி அரை மணி நேரமாக வழிகிறது. மோட்டாரை நிறுத்த ஆளில்லை. கல்யாண வீட்டில் அத்தை, "என்னடா, இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்று கேட்டு நகர்ந்த கையோடு, "நல்லா சதை போட்டுட்டியே" என்கிறார் பெரியப்பா.

இதையெல்லாம் யாரும் டாக்டரிடம் போய்ச் சொல்வதில்லை. தலைவலி, நெஞ்செரிச்சல், கழுத்துப் பிடிப்பு, தூக்கம் வரவில்லை என்றுதான் சொல்கிறோம். "டென்ஷன் ஏதாவது இருக்கா?" என்று அவர் கேட்டால், "பெரிசா ஒண்ணும் இல்ல டாக்டர்" என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்தப் 'பெரிசா' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன விஷயங்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

பெரிய துக்கமும் சில்லறைத் தொல்லையும்

மன அழுத்தத்துக்கு மதிப்பெண் போடும் பட்டியல் ஒன்றை 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அதில் 43 வாழ்க்கை நிகழ்வுகள். கணவனையோ மனைவியையோ இழப்பதற்கு 100 மதிப்பெண், விவாகரத்துக்கு 73. கல்யாணத்துக்கே 50 கொடுத்திருந்தார்கள். அனுபவஸ்தர்கள் குறைவு என்பார்கள். பெரிய மாற்றங்கள் குவிந்தால் உடல்நலம் கெடும் என்பது அந்தப் பட்டியலின் அடிப்படை. நெடுநாள் மருத்துவ உலகம் அதையே பிடித்துக்கொண்டிருந்தது.

1981இல் ஆலன் கேனர், ரிச்சர்ட் லாசரஸ் ஆகியோரின் குழு கலிஃபோர்னியாவிலிருந்து வேறொரு பட்டியலைக் கொண்டுவந்தது. அதில் இருந்தவை 117 அன்றாடத் தொல்லைகள். சாமானை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது, விலைவாசி, உடல் எடைக் கவலை, செய்து முடிக்க முடியாத அளவுக்கு வேலை, இப்படி. நடுத்தர வயதுக்காரர்கள் நூறு பேரைப் பத்து மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் யாருக்கு வரும் என்பதைப் பெரிய நிகழ்வுகளின் பட்டியலைவிட இந்தச் சில்லறைப் பட்டியல் சரியாகக் காட்டிக்கொடுத்தது.

யோசித்தால் இதில் வியப்பில்லை. சாவு வீட்டுக்கு ஊரே வரும். சொந்தக்காரர்கள் சமைத்துக் கொண்டுவருவார்கள், ஆபீஸில் லீவு தருவார்கள், பதினாறாம் நாள் வரை தனியே விடமாட்டார்கள். கேட் முன்னால் பைக் நின்றதற்கு யார் வருவார்கள்? "இதுக்கெல்லாமா கோபப்படுவாங்க?" என்ற கேள்விதான் வரும். அந்தக் கேள்வி இன்னொரு எரிச்சல்.

ஹாரன் அலறிய பிறகு உடம்புக்குள்

பின்னால் அலறியது லாரியா ஸ்கூட்டரா என்று நாம் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்து என்று முடிவு கட்டிவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, சேமித்து வைத்த சர்க்கரையைக் கல்லீரல் இரத்தத்தில் விடுகிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயார். நாமோ ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, சிக்னலில் எண்கள் குறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கொஞ்சம் தாமதித்து கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதன் அளவு உச்சத்தைத் தொட இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஹாரன் அடித்தவர் அதற்குள் அடுத்த பேட்டைக்குப் போயிருப்பார்.

ஒருமுறை ஏறி இறங்கினால் நஷ்டமில்லை. உடம்பு அதற்காகவே செய்யப்பட்டது. இறங்குவதற்குள் அடுத்தது, அது இறங்குவதற்குள் இன்னொன்று என்று போகும்போதுதான் தொல்லை. தாடையும் கழுத்தும் இறுகியே இருக்கின்றன. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, பட்டை கட்டியதுபோல் நெற்றியைச் சுற்றி வலிப்பது, வயிற்றில் அமிலம் மேலேறுவது எல்லாம் அதன் தொடர்ச்சியாக இருக்கலாம்.

2024இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. ஆரோக்கியமான 280 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் கோபமூட்டிய பழைய சம்பவம் ஒன்றை எட்டு நிமிடம் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர்களின் இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் குறைந்தது. அந்தக் குறை 40 நிமிடம் வரை நீடித்தது. கவலையையோ சோகத்தையோ நினைத்தவர்களிடம் இந்த அளவு மாற்றம் தெரியவில்லை. யாரும் அவர்களைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. நடந்து முடிந்ததை நினைத்தார்கள், அவ்வளவுதான். ராத்திரி சாப்பாட்டு வேளையில், "காலையில பஸ்ல ஒருத்தன் பாரு…" என்று ஆரம்பிக்கும் நம் எல்லாருக்கும் இது பொருந்தும். திரும்பத் திரும்பக் கோபமூட்டப்பட்டால் இரத்தக் குழாய்க்கு நிரந்தர பாதிப்பு வருமா என்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சத்தம் மட்டும் ஏன் இப்படிக் குத்துகிறது

எந்த ஊரில் கேட்டாலும் எரிச்சல் பட்டியலில் சத்தத்துக்கு முன்வரிசை இடம் உண்டு. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதுக்கு இமை கிடையாது.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற உளவியலாளர்கள் அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. ஆட்களை உட்காரவைத்து இரைச்சலைக் கேட்கவைத்தார்கள். சீரான இடைவெளியில் வந்த இரைச்சலைவிட, எப்போது வரும் என்று தெரியாமல் வந்த இரைச்சல் அவர்களை அதிகம் குலைத்தது. பின்னால் கொடுத்த பிழை திருத்தும் வேலையில் நிறையக் கோட்டைவிட்டார்கள். இன்னொரு குழுவினருக்கு ஒரு பொத்தானைக் கொடுத்து, "வேண்டுமானால் இதை அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம், முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்" என்றார்கள். பெரும்பாலானோர் பொத்தானைத் தொடவே இல்லை. கேட்டதும் அதே இரைச்சல்தான். ஆனால் பாதிப்பு மிகக் குறைவு.

நம் வீட்டுக் கூத்துக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. நம் மிக்ஸி ஓடினால் தெரிவதில்லை, பக்கத்து வீட்டு மிக்ஸி மண்டைக்குள் ஓடுகிறது. நம் மிக்ஸியின் சுவிட்ச் நம் கையில்.

பஸ்ஸில் ஒருவர் போனில் பேசுவது, இரண்டு பேர் நேருக்கு நேர் பேசுவதைவிட எரிச்சலூட்டுவதற்கும் காரணம் உண்டு. 2010இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். உரையாடலில் ஒரு பாதி மட்டும் காதில் விழுந்தால், அடுத்து என்ன வரும் என்று கணிக்க முடியாமல் கவனம் அந்தப் பக்கமே இழுபடுகிறது. "அப்படியா?… சே… எப்ப?… ஐயோ, அவளேவா?" என்று ஒருவர் அரை மணி நேரம் பேசினால், யார் அவள், என்ன செய்தாள் என்று நம் மூளை வேலை செய்தே தீரும். ஒட்டுக்கேட்கும் புத்தி என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

சிலருக்கு விஷயம் இதையும் தாண்டும். பக்கத்தில் ஒருவர் அப்பளம் மெல்லும் சத்தம், டீயை உறிஞ்சும் சத்தம், பேனாவை 'டிக் டிக்' என்று அழுத்தும் சத்தம் கேட்டால் அடக்க முடியாத ஆத்திரம் வரும். எழுந்து ஓடத் தோன்றும். இதற்கு மிசோஃபோனியா என்று பெயர். 2001இல் ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதி வைத்த பெயர் இது. 2017இல் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இந்தச் சத்தங்களைக் கேட்கும்போது இவர்களின் மூளையில் குறிப்பிட்ட ஒரு பகுதி மற்றவர்களைவிட அதிகமாகத் துடிப்பது தெரிந்தது. அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட மறுக்கும் பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டும் முன் இதையும் நினைத்துப் பாருங்கள். உளவியல் ஆலோசனை இவர்களில் சிலருக்கு நல்ல பலன் தருகிறது.

இரைச்சலுக்குச் சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே ஏறக்குறைய 60 டெசிபல் வரும். திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை. திருவிழாக்களுக்காக அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அனுமதிக்கலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் இந்த விதியின் நிலைமை தெரிந்துவிடும்.

புலம்பல், ஒரு வேளைக்கு ஒன்று

கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்பது நம் எல்லாருடைய நம்பிக்கை. பாதி உண்மை. இன்ன காரணத்தால் எனக்கு எரிச்சல் என்று சொல்லாக்கி வெளியே சொல்வது அமிக்டலாவின் கொதிப்பைத் தணிக்கிறது என்று மூளை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அது ஒருமுறை சொல்வதற்குத்தான்.

பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களின் கட்டுரையைக் குப்பை என்று சொல்லிக் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பிரிவினரை, அப்படிச் சொன்னவரை மனதில் வைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் பையில் ஓங்கிக் குத்தவிட்டார்கள். இன்னொரு பிரிவினரைச் சும்மா உட்காரவைத்தார்கள். குத்தியவர்களின் கோபம்தான் அதிகமாகியிருந்தது.

புலம்பலை யாரிடம் செய்கிறோம் என்பதும் கணக்கில் வரும். "ஆமா, இந்த ஜனங்களே இப்படித்தான், எனக்கு நேத்து என்ன ஆச்சு தெரியுமா?" என்று தொடங்கும் நண்பர் நம் எரிச்சலோடு தன் எரிச்சலையும் சேர்த்து அனுப்பிவிடுவார். கேட்டுவிட்டு, "சரி, இப்ப என்ன பண்ணலாம்?" என்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பொத்தானைத் தேடுங்கள்

முழுக்க மாற்ற முடியாவிட்டாலும், நம் கைக்குள் ஏதாவது ஒரு பிடி இருந்தால் போதும். அந்த இரைச்சல் பொத்தான் சோதனை சொன்னது அதுதான். பைக்கை நிறுத்தும் ஆளிடம், கோபம் தணிந்த பிறகு, வேறொரு நாள், "தம்பி, கொஞ்சம் தள்ளிப் போட்டா எங்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வசதியா இருக்கும்" என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலும் நகரும். மேல்வீட்டுக்குத் தொட்டி அலாரத்தைச் சிபாரிசு செய்யலாம். (தொட்டி நிரம்பியதை ஊருக்கே குரல் கொடுத்துச் சொல்லும் அலாரம் தெருவுக்குப் புது எரிச்சல். தானாகவே மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் நல்லது.) தூங்கும் நேரத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பான் போதும்.

உடனடி மருந்து என்றால் மூச்சுதான். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கி, நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு என்ற கணக்கில் இரண்டு மூன்று நிமிடம். சிக்னலில் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் டேவிட் அல்மெய்டாவின் குழு பல ஆண்டுகளாக ஆட்களின் அன்றாடத் தொல்லைகளைப் பதிவு செய்து வருகிறது. அன்றாடத் தொல்லைகளுக்கு மனம் அதிகமாகக் கொதித்தவர்களுக்குப் பத்து ஆண்டு கழித்து நாள்பட்ட நோய்கள் கூடுதலாக இருந்தன என்று 2013இல் அவர்கள் எழுதினார்கள். தொல்லையைக் குறைக்க முடியாவிட்டாலும் கொதிப்பைக் குறைக்கலாம். அதற்கு முதல் தேவை தூக்கம். நான்கைந்து மணி நேரம் தூங்கி எழுந்தவருக்கு எல்லாச் சத்தமும் ஹாரன்தான்.

எரிச்சலே அறிகுறியாக இருந்தால்

நேற்றுவரை பொறுமையாக இருந்தவர் திடீரென்று எதற்கெடுத்தாலும் சீறினால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. தைராய்டு அதிகம் சுரந்தால் எரிச்சலோடு படபடப்பும் எடைக்குறைவும் கை நடுக்கமும் வரும். சர்க்கரை மருந்து சாப்பிடுபவர் சாப்பாட்டு நேரம் தவறிச் சிடுசிடுத்தால், முதலில் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறட்டையோடு மூச்சுத் தடைபட்டுத் தூங்குபவர் பகலெல்லாம் எரிந்து விழுவார். இரத்தச்சோகை, மாதவிடாய் நிற்கும் காலம், ஸ்டீராய்டு மாத்திரை எல்லாமே காரணமாகலாம். காது மந்தமாகும் முதியவருக்கு மெல்லிய பேச்சு கேட்காது, கொஞ்சம் உரக்கப் பேசினால் காதைக் குத்தும். "ஏன் கத்துற?" என்று அவர் கடிந்துகொள்வதில் பொய்யில்லை.

மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்று நினைப்பவர்கள் அதிகம். பதின்வயதுப் பிள்ளைகளிடமும் பல ஆண்களிடமும் அது கோபமாகவே வெளிப்படுகிறது. பிடித்த வேலையிலும் ஆர்வம் போய், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் இந்த எரிச்சல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உடனே போக முடியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.