பௌத்தமும் தோற்றப்பாட்டியலும்

பௌத்தம், தோற்றப்பாட்டியல் ஆகியவை மனித இருப்பை, அது அனுபவத்தில் வெளிப்படும் விதத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ள முயலும் இரு சிந்தனை மரபுகள் ஆகும். பௌத்தம் கி. மு. 5ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் தோன்றியது. நிகழ்வியல் எனவும் வழங்கும் தோற்றப்பாட்டியல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்மண்ட் ஹுசெர்ல் (1859–1938) என்பவரால் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. இரண்டும் தனித்தனியே வளர்ந்தவை. எனினும், அனுபவத்தின் பின்னால் அதற்கு உரிமையாளனாக மாறாத "நான்" ஒன்று உள்ளதா என்ற கேள்வியில் இவை நெருங்கி வருகின்றன.

தோற்றப்பாட்டியலின் அடிப்படை

உணர்வு எப்போதும் ஏதேனும் ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும் என்பது ஹுசெர்லின் அடிப்படைக் கருத்து. இப்பண்பு நோக்குடைமை எனப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரே மரவள்ளித் தோட்டம் உழவருக்கு வரப்போகும் அறுவடையாகவும், சவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு வாங்குபவருக்கு எடையாகவும், சிறுவருக்கு ஒளிந்து விளையாடும் இடமாகவும் தோன்றுகிறது. தோட்டம் உண்மையில் எத்தகையது என்ற முடிவை ஒத்திவைத்து, அது தோன்றும் விதத்தை மட்டும் விவரிப்பதே இத்துறையின் முறையாகும்.

பௌத்தத்தின் அடிப்படை

பௌத்தம் மனிதரை ஐந்து கந்தங்களின் தொகுதியாகக் காண்கிறது. தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலை இவற்றை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு எனக் குறிப்பிடுகிறது. இவை ஒவ்வொன்றும் மாறிக்கொண்டே இருப்பவை. இவற்றுள் எதுவும் ஆன்மா அன்று. இவற்றுக்கு வெளியே ஆன்மா என ஒன்றும் இல்லை. இது அனான்மக் கொள்கை எனப்படும். மாறுவதை "என்னுடையது" எனப் பற்றுவதால் துன்பம் எழுகிறது. புலன் பொருளைத் தொடும் ஊறு, அதனால் வரும் நுகர்வு, பின் வேட்கை, அதன்பின் பற்று என்று அது வளரும் வரிசையைச் சார்பில் தோற்றம் என்னும் கோட்பாடு விளக்குகிறது.

"நான்" பற்றிய கருத்துகள்

ஹுசெர்ல் தமது தொடக்க நூலில் (1900–1901) அனுபவங்களுக்குப் பின்னால் தூய "நான்" ஒன்று தேவையில்லை என்று கருதினார். 1913இல் வெளிவந்த நூலில் அதனை ஏற்றுக்கொண்டார். பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தர் 1936இல் இதனை மறுத்தார். "நான்" என்பது உணர்வின் உள்ளே குடியிருப்பது அன்று. உணர்வுக்கு முன் தோன்றும் பொருள்களுள் ஒன்று என்பது அவர் வாதம். இக்கருத்து அனான்மக் கொள்கைக்கு மிக அருகில் வருகிறது. ஹைடெகர் 1927இல் வெளியிட்ட நூலில், இறப்பை நோக்கியதாகவே மனித இருப்பு அமைகிறது என்று விளக்கினார். நிலையாமை பற்றிய பௌத்தக் கருத்துடன் இது ஒப்பிடப்படுகிறது.

இரு மரபுகளின் சந்திப்பு

கார்ல் ஓய்கன் நொய்மன் ஜெர்மனில் மொழிபெயர்த்த புத்தரின் உரைகளைப் படித்த ஹுசெர்ல், 1925இல் அவற்றைப் பாராட்டிச் சிறு கட்டுரை எழுதினார்.

இலங்கையில் இச்சந்திப்பு மேலும் ஆழமாக நிகழ்ந்தது. இங்கிலாந்தில் பிறந்து 1949இல் இலங்கை வந்து துறவியான ஞானவீர தேரர் (1920–1965), அம்பாந்தோட்டை மாவட்டத்தின் பூந்தலையில் தனித்து வாழ்ந்தார். பாளி நூல்களுடன் ஹைடெகர், சார்த்தர் ஆகியோரையும் கற்று எழுதிய அவருடைய தம்மக் குறிப்புகள் 1963இல் அச்சாயின.

மணிமேகலையின் முப்பதாவது காதையில், காஞ்சியில் அறவண அடிகள் சார்பில் தோற்றத்தின் பன்னிரண்டு நிதானங்களை இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் எனப் பகுத்து உரைக்கிறார். இது பௌத்த உரை மரபில் பரவலாக உள்ள விளக்கம். ஞானவீரர் இதனை ஏற்கவில்லை. பல பிறவிகளில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் வரலாறாக அன்றி, இக்கணத்து அனுபவத்தின் அமைப்பாகவே அவர் அதனைக் கண்டார். முதல் விளக்கத்தில் துன்பத்தின் வேர் முற்பிறவியில் உள்ளது. இரண்டாவதில் அது இப்போதே காணக்கூடியது.

தமிழகச் சான்றுகள்

பௌத்தம் தமிழகத்தின் உள்நாட்டுப் பகுதிகளிலும் பரவியிருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம், நைனார்பாளையம் ஆகிய ஊர்களுக்கு மேற்கே, சேலம் மாவட்டத் தலைவாசலை அடுத்த தியாகனூரில், தியான நிலையில் அமர்ந்த புத்தர் சிலைகள் இரண்டு உள்ளன. தமிழகப் பௌத்த வரலாற்றை மயிலை சீனி. வேங்கடசாமி "பௌத்தமும் தமிழும்" (1940) என்னும் நூலில் தொகுத்துள்ளார்.

வேறுபாடுகள்

ஒற்றுமைகளைக் கொண்டு இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ள இயலாது. தோற்றப்பாட்டியலின் நோக்கம் அறிதல்; அனுபவத்தைச் சரியாக விவரித்ததும் அதன் பணி முடிகிறது. பௌத்தத்தின் நோக்கம் துன்ப நீக்கம். அதற்கு ஒழுக்கமும் தியானமும் இன்றியமையாதவை. "நான்" என்பது தோற்றமே என்று வாதத்தால் அறிந்தவர் பற்றை விட்டவர் ஆகார் என்பதே பௌத்தத்தின் நிலைப்பாடு ஆகும்.