பின்னிரவில் பிறந்த ஆண்டு

மும்பையில் நம் பார்சி அண்டையர் கொண்டாடும் நவ்ரோஸை அதன் தாயகமாம் ஈரானிலேயே காணும் பேறு 2019இல் எனக்கு வாய்த்தது. இஸ்பஹானில் ஓர் இல்லத்தில் விருந்தினனாயிருந்தேன்.

கதிரவன் நடுக்கோட்டைக் கடக்கும் கணமே அவர்கட்கு ஆண்டுப் பிறப்பு. அவ்வாண்டு, மார்ச்சு 21, பின்னிரவு 1 மணி 28 நிமிடம்! உறங்கிய குழந்தைகளையும் எழுப்பி அமர்த்தினர். விரிப்பின்மீது முளைவிட்ட கோதுமை, பூண்டு, ஆப்பிள், காடி, சுமாக்கு, செஞ்செத் கனி, கோதுமை முளைப்பாகு என, 'சீன்' என்னும் எழுத்தில் பெயர் தொடங்கும் ஏழு பொருள்கள், அருகே கண்ணாடி. நம் சித்திரைக் கனியன்றோ இது என வியந்தேன்.

வீட்டு மூதாட்டியோ தொலைபேசியையே நோக்கியிருந்தார். மகன் கனடாவில். அங்கே அப்போது மாலை; எனினும் ஆண்டு பிறந்தது இருவர்க்கும் ஒரே கணத்தில். மணி ஒலித்ததும் அவர் கண்கள் கலங்கின.

பின்னர் என்னிடம், "உம் தாயார் எங்கே?" என வினவினார்.

"நெல்லையில்" என்றேன். அங்கே ஆண்டு பிறக்க இன்னும் 24 நாள்கள் இருந்தன.