கழுவும் பம்பி: பூட்டுவதா, வாங்குவதா?

உழவு இயந்திரம், முச்சக்கர வண்டி முதலியவற்றைக் கழுவிக் கொடுத்துச் சிறு வருமானம் தேட எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இதற்கான அமுக்க நீர் இயந்திரத்தை முழுதாக வாங்குவதா, பாகங்களை வாங்கிப் பூட்டுவதா? இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் கைமுதல் ஒருமுறை போனால் மறுமுறை சேர்வது அரிது. ஆகவே கணக்குப் பார்த்தே இறங்குவோம்.

கிணற்றுப் பம்பியின் குழாய் முனையைச் சுருக்கினால் போதாதா? போதாது. அது நீரைச் சுழற்றி எறியும் பம்பி. நீர் நிறைய வரும், அமுக்கம் வராது. 30 மீற்றர் உயரத்துக்கு நீரேற்றும் பம்பி தரும் அமுக்கம் ஏறத்தாழ 3 பார் மட்டுமே. காய்ந்த சேற்றைப் பெயர்க்க அதைப்போல் பத்து மடங்காவது வேண்டும். பிஸ்டன் பம்பியே அதைத் தரும். பயிருக்கு மருந்து தெளிக்கும் மூன்று பிஸ்டன் பம்பி இவ்வகையானது.

பூட்டுவதற்கு அந்தப் பம்பியுடன் மோட்டர் அல்லது எஞ்சின், இரண்டு கப்பிகள், பெல்ற், இரும்புச் சட்டம், அமுக்கம் தாங்கும் குழாய், விசையுள்ள கைப்பிடி, நீர் வடி ஆகியன தேவை. இவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

வலுவைக் கணக்கிடுவது எளிது. அமுக்கத்தை, நிமிடத்துக்கு வரும் லீற்றரால் பெருக்கி 600ஆல் பிரித்தால் கிலோவாற்று வரும். 30 பார், 20 லீற்றர் என்றால் 1 கிலோவாற்று. இழப்பையும் சேர்த்தால் 2 குதிரைவலு மோட்டர் போதும். பெற்றோல் எஞ்சின் என்றால் இன்னும் கூடிய வலு வேண்டும். நிமிடத்துக்கு 1440 முறை சுற்றும் மோட்டரில் 4 அங்குலக் கப்பியும் பம்பியில் 8 அங்குலக் கப்பியும் பூட்டினால் பம்பி 720 முறை சுற்றும். பம்பியின் தகட்டில் குறித்துள்ள வேகத்தை மீறக்கூடாது.

கைப்பிடியை மூடும்போது பிஸ்டன் தள்ளும் நீருக்குப் போக்கிடம் இல்லை. அதைத் தொட்டிக்குத் திருப்பும் வால்வு இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும். இந்த வால்வை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம்.

கடையில் விற்கும் வீட்டுப் பாவனைச் சிறு இயந்திரம் 100 பார் அளவில் அமுக்கம் தந்தாலும் நிமிடத்துக்கு 6 லீற்றர் அளவே நீர் விடும். கிணறு வற்றும் காலத்தில் இது நன்மையே. பூட்டிய பம்பி ஒரு மணித்தியாலத்தில் 1200 லீற்றர் குடிக்கும். ஆனால் அச்சிறு இயந்திரம் நாள் முழுவதும் ஓடுவதற்கு உரியதன்று. தொழிலுக்கென்று செய்ததை வாங்கினால் விலை கூடும்.

எனவே, நல்ல மோட்டரோ கப்பி பூட்டக்கூடிய எஞ்சினோ சும்மா கிடந்தால் பூட்டுவதே இலாபம். பழுதான பாகத்தை மட்டும் மாற்றவும் முடியும். எல்லாவற்றையும் புதிதாக வாங்க நேர்ந்தால், மிச்சம் பிடிப்பது ஒட்டு வேலையிலும் சட்டத்திலும் கரைந்துவிடும், உத்தரவாதமும் இராது. அப்போது முழு இயந்திரத்தையே வாங்குங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் சுமை குறையும்.

எப்படிப் பெற்றாலும் சில கவனங்கள் வேண்டும். பெல்றுக்கு மூடி போடுங்கள். மின் மோட்டருக்குப் புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் அவசியம். எஞ்சினை மூடிய கொட்டிலுக்குள் ஓடவிடாதீர்கள். அதன் புகை உயிரைக் குடிக்கும். எண்ணெய் கலந்த கழிவு நீர் கிணற்றுப் பக்கம் போகாதிருக்கட்டும். நீர்த்தாரை தோலைத் துளைத்தால் காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.